போர் விமான உதிரிபாகங்களில் எதை முதலில் பழுதுபார்ப்பது, எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலில் வந்ததை முதலில் சரிசெய்வதுதானே முறை என்று பலரும் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் பறக்க வேண்டிய விமானங்கள் தரையிலேயே நிற்கும். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, சரக்கு இருப்பு மேலாண்மை கற்பிப்பவன். எங்கள் பாடத்தின் முக்கியமான கணக்குகள் பல அமெரிக்க விமானப்படைக்காகப் போடப்பட்டவை என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

ரேடார் போன்ற விலையுயர்ந்த பாகம் கெட்டால், கழற்றி மத்தியப் பணிமனைக்கு அனுப்புவார்கள். சரியானதும் அது தேவைப்படும் ஏதோ ஒரு தளத்துக்குப் போகும். எந்தப் பாகத்தை எங்கே எத்தனை வைத்தால் கிடைக்காமல் காத்திருப்பது குறையும் என்பதற்கு, 1960களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கிரெய்க் ஷெர்புரூக் 'மெட்ரிக்' என்ற முறையைத் தந்தார். ஆனால் இன்று காலை பணிமனையின் சோதனை மேசையில் எந்தப் பாகத்தை முதலில் ஏற்றுவது என்று அது சொல்லாது.

ஒரு தளத்தில் மூன்று விமானங்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பாகம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து கழற்றி மற்ற இரண்டில் மாட்டிவிடுவார்கள். இரண்டு பறக்கும், மூன்றாவதில் மூன்று பாகங்களும் இருக்காது. இனி அங்கே ஒரு பாகத்தை மட்டும் அனுப்பிப் பயனில்லை. இன்னொரு தளத்தில் அதே ஒரு பாகத்துக்காக மட்டும் ஒரு விமானம் நின்றால், அங்கே அனுப்பினால் அன்றே அது பறக்கும். கோரிக்கைச் சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது: எண்ண வேண்டியது விமானத்தை, பாகத்தை அல்ல.

1980களில் ராண்ட் உருவாக்கிய 'டிரைவ்' என்ற முறை இதைத்தான் கணக்கில் கொண்டுவந்தது. யூட்டா மாநிலம் ஆக்டனிலுள்ள விமானப்படைப் பணிமனையில் எஃப்-16 போர் விமானத்தின் மின்னணுப் பாகங்களுக்கு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் இத்தனை விமானங்கள் தயாராக இருக்க வேண்டும் என்று இலக்கு உண்டு. ஒரு பாகத்தைச் சரிசெய்து ஒரு தளத்துக்கு அனுப்பினால், எல்லாத் தளங்களும் இலக்கை எட்டும் வாய்ப்பு எவ்வளவு கூடும்? அதை அந்தப் பழுதுக்கு ஆகும் மணி நேரத்தால் வகுத்து, அதிகம் வருவதை முதலில் வைப்பார்கள். இன்றைய பற்றாக்குறையோடு, பாகம் போய்ச் சேரும் நாள் வரை நடக்கவிருக்கும் பறப்புகளும் கணக்கில் சேரும். எல்லாத் தளங்களையும் சேர்த்துப் பார்ப்பதால், மோசமான நிலையிலுள்ள தளம் கைவிடப்படுவதும் இல்லை. பின்னர் இந்த வழியிலேயே 'எக்ஸ்பிரஸ்' என்ற அமைப்பை அமெரிக்க விமானப்படை கொண்டுவந்தது.

வரிசையை மட்டும் திருத்தினால் போதாது, பணிமனையின் திறனும் வேண்டும். எஃப்-35 போர் விமானத்தின் பாகங்களைப் பழுதுபார்க்கும் இடங்களை அமைப்பதில் பல ஆண்டுகள் பின்தங்கிவிட்டார்கள். 2023இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது 10,000க்கும் மேற்பட்ட பாகங்கள் பழுதுபார்ப்புக்குக் காத்திருந்தன.