மறுபடியும் அதே பாலம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரில் ஆசியாவிலும் பசிபிக்கிலும் நேசநாட்டுப் படைகள் என்றைக்கு என்ன செய்தன என்று நாள்வாரியாகத் தொகுத்த குறிப்புகளை வாசித்து வருகிறேன். மிட்வே, குவாடல்கனால், லெய்ட்டே பகுதிகள் விறுவிறுப்பாகப் போயின. பர்மா பக்கங்கள்தான் முடியவில்லை. இன்ன பாலம் தாக்கப்பட்டது, இன்ன ரயில் நிலையம் தாக்கப்பட்டது. அடுத்த சில பக்கங்களில் மறுபடியும் அதே பாலம். இவர்களுக்குக் குறிபார்க்கவே தெரியாதா? போதாததற்கு ஜப்பானியரிடம் சிக்கிய தங்கள் வீரர்கள் இருந்த கைதி முகாம்கள் மேலேயே குண்டு போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாமா? இம்பாலில் நேதாஜியின் படை வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொல்லுங்கள். என் பாட்டியின் சித்தப்பா ஒருவர் மலாயா தோட்டத்திலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பவில்லை என்பார்கள். இந்த ஆர்வம் அப்படி வந்ததுதான்.

ச.

அன்புள்ள ச.,

கடைசியில் எழுதியதை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? சொந்த ரத்தம் ஒன்று சயாமில் தொலைந்துபோயிருக்கிறது. அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, பர்மா பக்கங்களைத் தாண்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள். குவாடல்கனாலில் யாரைத் தேடப் போகிறீர்கள்? பாட்டியின் சித்தப்பா எங்காவது இருந்தால், உங்களுக்குச் சலிக்கிற இந்தப் பக்கங்களில்தான் இருப்பார்.

நேதாஜி கேள்வியை விட்டுவிடுகிறேன். நடக்காத வெற்றியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பாலத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக என் மண்டைக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

குறிபார்க்கத் தெரியாதா என்று நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது சுலபம். ரயில் பாலம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அகலம் ஒரு தண்டவாளத்துக்கு உரியதுதான். உயரத்தில் போகும் லிபரேட்டர் விமானத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் குறுக்கே ஒரு நூல் கிடக்கும், அவ்வளவுதான். தாழப் பறந்து போட்டால் குண்டு தரையில் பட்டுத் துள்ளி வேறெங்கோ போய் வெடிக்கும். 1944 ஜனவரி 1 அன்று, பர்மாவில் மூ ஆற்றுப் பாலத்தைத் தாக்க வந்த பி-25 விமானி ஒருவர் சட்டென்று விமானத்தை மேலே இழுத்த வேகத்தில் குண்டுகளை விட்டார், பாலம் விழுந்தது. தற்செயலாக அமைந்ததைப் பாடமாக்கிப் பழகிக்கொண்ட அந்த அணி, பாலம் உடைப்பதற்கென்றே பெயர் வாங்கியது. அந்த வருடக் கடைசியில், விழும்போதே ரேடியோவால் இடமும் வலமும் திருப்பக்கூடிய அசான் குண்டுகள் பர்மாவுக்கு வந்துவிட்டன. குறிபார்க்க நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

அப்புறமும் ஏன் அதே பாலம்?

குறிப்பை எழுதியவருக்கு விவரம் விமானத்திலிருந்து வந்தது. 'பாலம் சேதம்' என்று எழுதிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். சில நாள் கழித்து அதே பாலத்துக்கு விமானம் மறுபடி வருகிறது. சில தடவை முந்தைய குறி தப்பியிருக்கும், சரி. மற்ற தடவைகளில்? விழுந்த பாலம் இடைப்பட்ட நாட்களில் எழுந்து நின்றிருக்கிறது. தானாக எழுந்ததா? யாரோ ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். யாரோ காட்டில் மரம் வெட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'மறுபடியும் அதே பாலம்' என்று நீங்கள் கொட்டாவி விட்ட வரி இருக்கிறதே, அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பக்கத்தில் உள்ள ஒரே அடையாளம் அதுதான்.

சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூனுக்குக் கப்பலில் போனால் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும் என்ற பயத்தில் ஜப்பானியர் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் போட்டார்கள். 1943 அக்டோபர் 17 அன்று கொங்குயித்தாவில் இரு முனையும் சேர்ந்தன. 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000க்கும் அதிகமானோர் செத்தார்கள். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் படுத்திருந்த நேரம். தினம் ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது, இலவச சினிமா என்று கூட்டம் கூட்டி லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. கைதிகளில் இறந்தவர்களின் பெயர்களை அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரம் பேருக்கு இடம் இருக்கிறது. தோட்டத்துக் கூலிக்கு யார் எழுதிவைப்பது?

பலர் நினைப்பதுபோல் பாதை முடிந்ததும் கதை முடியவில்லை. கைதிகளில் ஒரு பகுதியும் கூலிகளில் நிறையப் பேரும் பராமரிப்புக்காக அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். எஞ்சினுக்கு விறகு வெட்ட, சரிந்த மண்ணை அள்ள, குண்டு விழுந்தால் பாலத்தை நிமிர்த்த.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் அப்படித் திரும்பி வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தேங்காய் எண்ணும்போது 'இச்சி, நி, சான், சி' என்றுதான் எண்ணுவார். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆற்றுக்குள் மூங்கில் சாரம் கட்டி, உச்சியில் கப்பி மாட்டி, இரும்பு எடையைத் தொங்கவிட்டு, ஆளுக்கொரு கயிறாக இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுப்பார்களாம். சிப்பாய் கரையில் நின்று எண்ணுவான். எண்ணுக்கு ஒரு இழுப்பு. கயிற்றை விட்டதும் எடை மரத்தூணின் தலையில் இறங்கும், தூண் ஒரு விரல்கடை மண்ணுக்குள் போகும். எண்ணத் தவறினால் முதுகில் அடி. விமானம் வந்தபோது பயமாக இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "பிளேனுக்கு என்னடா பயம்? அது போட்டுட்டுப் போயிரும். மறுநா ஆத்துல எறங்கணுமேன்னுதான்" என்றார். இன்னும் நிறையக் கேட்டிருக்கலாம். அந்த வயதில் எனக்கு விமானம் மட்டும்தான் வேண்டியிருந்தது, இப்போது உங்களுக்கு லெய்ட்டே வேண்டியிருப்பதுபோல.

கைதிகள் மேல் குண்டு போட்டதைப் பற்றி. 1943 ஜூனில் பாதையின் பர்மா முனையான தன்பியூசயாத்தில் நடந்தது, 1944 நவம்பர் 29 அன்று சயாமில் ரயில் பாலத்தை ஒட்டியிருந்த தாமர்க்கான் முகாமில் நடந்தது. தெரியாமல் போட்டார்கள் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. 1944 செப்டம்பரில் ராக்குயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. உள்ளே 1,300க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள், பெரும்பாலும் இதே ரயில்பாதையில் உழைத்தவர்கள். சில நாள் கழித்து நீர்மூழ்கிகளே திரும்பி வந்து கடலில் மிதந்தவர்களில் ஒரு பகுதியினரைத் தூக்கின. அவர்கள் வாயால்தான் அந்த முகாம்களின் நிலை விரிவாக வெளியே தெரிந்தது. ஆனாலும் நவம்பரில் தாமர்க்கானில் குண்டு விழுந்தது, ஏனென்றால் பாலம் அங்கே இருந்தது. முகாமும் அங்கேதான் இருந்தாக வேண்டும். நிமிர்த்துகிற கைகளைத் தூரத்தில் வைத்தால் ஜப்பானியருக்கு எப்படிக் கட்டும்? பாலத்தைக் காக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கியும் முகாமை ஒட்டித்தான் நின்றது. இதை முட்டாள்தனம் என்று சொன்னால் நமக்கு மனம் ஆறும். தெரிந்தே கணக்குப் போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் தாண்டாதீர்கள். 1944 நவம்பரிலிருந்து 1945 ஏப்ரல் வரை உள்ள பர்மா, சயாம் வரிகளை மட்டும் எடுங்கள். நோட்டில் பாலத்தின் பெயரை எழுதி, அது தாக்கப்பட்ட தேதிகளைக் கீழே வரிசையாகப் போடுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று பக்கத்தில் குறியுங்கள். விமானியின் குறிப்பு வாய்மூடி இருக்கிற அந்த நாட்களில்தான் ஆற்றில் வேலை நடந்திருக்கிறது.

பாட்டி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் சித்தப்பாவின் பெயர், எந்தத் தோட்டம், கூட யார் யார் போனார்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வாங்குங்கள். லெய்ட்டே எங்கும் ஓடிப்போகாது.

அன்புடன்.