குகை, அம்மி, களிமண் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆதிமனிதர்கள் எல்லோரும் குகையில்தான் வாழ்ந்தார்களா?

அத்தனை பேருக்கும் குகைக்கு எங்கே போவது? குகைக்குள் வெயிலும் மழையும் படாததால் எலும்பும் சாம்பலும் தங்கிவிடுகின்றன. வெட்டவெளியில் போட்ட குடிசை சில வருடங்களில் மக்கிவிடும். அதனால் நம் கண்ணுக்குக் குகை மட்டும் தெரிகிறது.

1989இல் இஸ்ரேலில் கலிலேயா ஏரியின் நீர்மட்டம் இறங்கியபோது, ஒஹாலோ என்ற இடத்தில் சுமார் 23,000 ஆண்டுப் பழைய குடிசைகள் சேற்றுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. மரக்கிளைகளை வளைத்துக் கட்டிய குடிசைகள். ஒன்றில் நடுவே அடுப்பு, அதைச் சுற்றிப் புல்லைப் பரப்பிய படுக்கை, மீன் முள், காட்டு வாற்கோதுமை மணிகள். குகை இல்லாமலே குடும்பம் நடந்திருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைய கைக்கோடரிகளும் திறந்தவெளியில் கிடைத்தவைதான்.

முப்பது வயதிலேயே இறந்துவிடுவார்களாமே?

சராசரி செய்யும் வேலை இது. நான்கு குழந்தைகளில் இரண்டு பிறந்தவுடன் இறந்து, இரண்டு பேர் 60 வயது வரை வாழ்ந்தால் சராசரி 30 என்று வரும். ஆனால் முப்பதில் யாருமே சாகவில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களைப் போல வேட்டையும் கிழங்கும் தேனுமாக வாழ்கிறவர்களிடையே, 15 வயதைத் தாண்டியவர்களில் பலர் 60ஐயும் தாண்டுகிறார்கள். தாத்தா பாட்டிகள் அன்றும் இருந்தார்கள்.

விவசாயம் வந்ததும் வாழ்க்கை சுகமாகியிருக்கும், இல்லையா?

உடனே ஆகவில்லை. பெண்களுக்கு நிச்சயமாக இல்லை.

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் அபு ஹுரைரா என்ற ஆதி விவசாய ஊர். அணை கட்டி மூழ்கப்போகிறது என்பதால் 1972, 73இல் அவசரமாகத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளில், முக்கியமாகப் பெண்களுடையவற்றில், கால் கட்டைவிரல் மூட்டு தேய்ந்திருந்தது. முழங்காலிலும் கீழ்முதுகிலும் தேய்மானம். காரணம், நம் அம்மியைப் போன்ற அரைகல். மண்டியிட்டு, கால்விரல்களைப் பின்னால் மடக்கி ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் தள்ளி மணிக்கணக்கில் தானியம் அரைத்திருக்கிறார்கள். அரைபட்ட மாவோடு கல்துகளும் சேர்ந்ததால் பல்லும் தேய்ந்தது.

அப்படியென்றால் ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்பீர்கள். கஞ்சி இருந்தால் தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தலாம். அடுத்த குழந்தையும் சீக்கிரம் வரும். வாய்கள் பெருகிய பிறகு, வேட்டையை நம்பி அத்தனை பேருக்கும் சோறு போட முடியாது. சேமித்த தானியத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகவும் மனம் வராது. என் கணிப்பில் இது யாரும் திட்டமிட்டு எடுத்த முடிவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஓரடி உள்ளே போனது. திரும்பிப் பார்த்தபோது வந்த வழி இல்லை.

வயல் வந்த பிறகுதானே கோவில் வந்திருக்கும்?

துருக்கியின் கோபெக்லி தெபே அந்த வரிசையைக் குழப்பிவிட்டது. சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன், ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமான கல்தூண்களை நிறுத்தி, நரியும் பாம்பும் கழுகும் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சாப்பிட்டுப் போட்ட எலும்புகள் எல்லாம் காட்டு விலங்குகளுடையவை. வளர்ப்பு ஆடு, மாடு இல்லை. அதைக் கோவில் என்று அடித்துச் சொல்ல மட்டும் நான் தயங்குவேன். வீடுகளும் இருந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர்.

எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள் புலவர்களா, பூசாரிகளா?

கணக்குப்பிள்ளைகள்! இன்றைய ஈராக்கில் இருக்கும் உருக் நகரத்தில், கி.மு. 3300 வாக்கில் எழுதிய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை வரவு செலவுதான்: இத்தனை வாற்கோதுமை, இத்தனை ஆடு, இன்னாருக்கு இவ்வளவு பீர். அதற்கு முன் சின்னச் சின்னக் களிமண் வில்லைகளை வைத்து எண்ணினார்கள். வில்லைகளை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை குத்துவார்கள். உள்ளே எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? வெளிப்புறத்திலும் வில்லையை அழுத்திப் பதித்தார்கள். வெளியே பதிவு இருந்தால் உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையாகி, பலகையானது. எழுத்து பிறந்த விதத்துக்குப் பலரும் சொல்லும் விளக்கம் இது.

உருக்கில் சாய்ந்த விளிம்புள்ள மட்டமான கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. வேலைக்காரர்களுக்குப் படி அளந்த கிண்ணமாக இருக்கலாம். சாப்பாட்டுப் படியைக் குறிக்கும் எழுத்தே, ஒரு தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும்தான். இலக்கியம் எழுத்தில் ஏறப் பல நூறு ஆண்டுகள் ஆயின.

கீழடி சிந்துவெளியைவிடப் பழையதா?

இல்லை. சிந்துவெளி நகரங்கள் தழைத்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. கீழடியில் கிடைத்த கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580 வாக்கில் போய் நிற்கிறது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு: கீழடியின் பெருமைக்கு இவை போதும். வாட்ஸ்அப் கூட்டிச் சொல்லும் ஆண்டுகள் தேவையில்லை.

அந்தக் காலத்தில் பல்வலி வந்தால்?

பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற பழைய விவசாய ஊரில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருக்கிறார்கள். துளையின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. அப்படியென்றால் துளை போட்டபோது அந்த ஆள் உயிரோடு இருந்தார், அப்புறமும் அதே பல்லால் மென்றார். மணி கோக்கத் துளையிடும் கைவினைஞர்களின் கல்முனைத் துளைக்கருவியே இதற்கும் பயன்பட்டிருக்கலாம். எல்லாத் துளையும் சொத்தைக்காகப் போட்டது என்று சொல்ல முடியாது; சிலவற்றில்தான் சொத்தை தெரிகிறது. அதே ஊரின் பிற்காலக் கல்லறைகளிலும் சொத்தைப் பற்கள் இருக்கின்றன, துளை போட்டவை இல்லை.