டூட்டி சார்ட்டும் மனநலமும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓர் அரசு மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டென்ட். பெயர் வேண்டாம். கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், எங்கள் நர்சுகளுக்கு வாரம் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஜூமில் கவுன்சிலிங் வைத்தோம். நானும் கூடவே இருந்தேன். நாற்பது பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள். இப்போது அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டத்தில் மனநலப் பகுதியை என்னை எழுதச் சொல்கிறார்கள். நம் ஆட்களுக்கு விழிப்புணர்வே இல்லையோ? எந்த மூச்சுப் பயிற்சியைச் சேர்க்கலாம்? கைதட்டல், பூத்தூவல் போல ஊக்கம் தரும் நிகழ்ச்சிகளையும் எழுதலாமா?

அன்புள்ள சகோதரி,

இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. விழிப்புணர்வு இல்லை என்று எழுதியதைப் படித்ததும் கோபமும் வந்தது. நைட் டூட்டி முடித்து வீடு போய்க் கண்ணயர்ந்தவளைப் பதினோரு மணிக்கு எழுப்பி, மேலதிகாரி முன்னால் மனம்விட்டுப் பேசு என்றால் யார் வருவாள்? அந்த இருவரும் உங்களுக்குப் பயந்து வந்திருப்பார்கள்.

2020 தொடக்கத்தில் சீனாவின் ஹூனான் மாகாணத்தில், சியாங்யா இரண்டாம் மருத்துவமனையும் இதைத்தான் செய்தது. இணைய வகுப்பு, தொலைபேசி உதவி, குழு அமர்வு என்று ஊழியர்களுக்காக எல்லாம் தயார். பலர் வர மறுத்துவிட்டார்கள். உட்கார்ந்து விசாரித்தபோது, தடையில்லாத ஓய்வும் போதுமான பாதுகாப்பு உடையும் கொடுங்கள், உளவியலாளர் வேண்டாம் என்றார்கள். மருத்துவமனை திட்டத்தை மாற்றியது. ஓய்விடம், சாப்பாடு, ஒத்துழைக்காத நோயாளிகளைச் சமாளிக்கப் பயிற்சியும் காவலர்களும் வந்தன. ஆலோசகர்கள் அந்த ஓய்விடத்துக்கே போய்ப் பேச்சைக் கேட்டார்கள்.

ஆகவே நீங்கள் முதலில் எழுத வேண்டியது டூட்டி சார்ட். பிபிஇ கிட் என்ற அந்த முழுப் பாதுகாப்பு உடையைப் போட்டபின் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் டூட்டிக்கு முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். தலைவலி, நீர்க்கடுப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். அந்த எரிச்சலுக்கு மன அழுத்தம் என்று பெயர் வைத்து கவுன்சிலரிடம் அனுப்புகிறோம்! ஏசி இல்லாத வார்டில், மே மாதத்தில், கிட்டுக்குள் ஒரே மூச்சில் நாலு மணி நேரமே அதிகம். ஆறு மணி நேர ஷிஃப்ட் என்றால் நடுவில் ஒருமுறை கழற்ற வேண்டும், ஆளுக்கு இரண்டு கிட் என்று இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுங்கள். கழற்ற, குளிக்க அரை மணி நேரத்தை டூட்டிக்குள்ளேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் அது தூக்கத்திலிருந்துதான் போகும். தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம். சார்ட்டை ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள், பிள்ளையை யாரிடம் விடுவது என்று அவளும் ஏற்பாடு செய்ய வேண்டாமா? ஐசியூவில் புதியவளை மூத்தவளோடு ஜோடி சேர்த்து, அந்த ஜோடியைக் கலைக்காதீர்கள். இவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவள் கண்ணில்தான் படும். ஒப்பந்த நர்சுகளும் துப்புரவுப் பணியாளர்களும் இதே சார்ட்டில் இருக்க வேண்டும்.

கவுன்சிலர் வேண்டாம் என்று சொல்லவில்லை. டீ நேரத்தில் ஓய்வறைக்கு வரட்டும், ரிஜிஸ்டரும் கையெழுத்தும் கூடாது, கேட்டது டீன் வரை போகக் கூடாது. வார்டில் சாவு நடந்த அன்றே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துக் கட்டாயமாகப் பேசவைக்காதீர்கள். அந்த ஒற்றை அமர்வு பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை, உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒருத்திக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தான் சாவதைப் பற்றிப் பேசுகிறாள், வார்டில் இருக்கும் மிடாசோலம் என்ற மயக்க மருந்தில் கை வைக்கிறாள் என்றால் அன்றைக்கே நீங்களே கூட்டிப்போங்கள். தனியாக விடாதீர்கள்.

கைதட்டலை விடுங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிசை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்சை அடித்து உடைத்ததையும் இதே ஊழியர்கள்தான் பார்த்தார்கள். தனக்கு நோய் வந்தால் எந்த வார்டில் படுக்கை, இறந்தால் உடலுக்கு யார் பொறுப்பு, இழப்பீட்டுக்கு வீட்டார் எந்த மேசைக்குப் போக வேண்டும், இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி முதல் நாளே கையில் கொடுங்கள்.

மூச்சுப் பயிற்சி கேட்டிருந்தீர்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடலாம். கிட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்த பிறகு.