மலை ஏறும்போது வராத முட்டி வலி இறங்கும்போது மட்டும் ஏன்?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 41 வயசு. ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில வேலை, ஷிப்ட் பூரா நின்னுகிட்டே பாக்கணும், போக வர கம்பெனி பஸ். சுகர் பார்டர்ல இருக்கு, பிபிக்கு மாத்திரை போடுறேன், வெயிட்டைக் கொறைங்கன்னு டாக்டர் சொன்னதால ஞாயித்துக்கிழமை ஆனா ஃப்ரெண்ட்ஸோட நம்ம சையத் பாஷா மலை ஏறுறேன். ஏறுறப்ப ஒண்ணும் தெரியல, இறங்குறப்ப வலது முட்டி முன்னாடி சுருக் சுருக்குன்னு குத்துது. பஸ்ல உக்காந்து வந்து எந்திரிச்சாலும் பிடிக்குது. பெரியப்பாவுக்கு முட்டி தேஞ்சு ஆபரேஷன் ஆச்சு, எனக்கும் அப்படி ஆயிடுமா? நாள் பூரா நிக்கிறதே எக்சர்சைஸ்தான், நடையெல்லாம் வேணாம்னு வீட்ல சொல்றாங்க. இன்னொண்ணு, சூளகிரி பக்கம் ஊர்ல இருக்குற அம்மாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் சரியா வரல, பிசியோதெரபிக்கு வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போக முடியல. என்ன பண்ணலாம்?
- பேர் வேணாம், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பதில்: தம்பி, நடையை நிறுத்தாதீங்க. மலையை மட்டும் ஒரு ரெண்டு மாசம் தள்ளி வைங்க.

தொப்பூர் கணவாய்ல லோடு லாரி போறதைப் பாத்திருப்பீங்கல்ல, ஏறுற வண்டிக்கு இன்ஜின்தான் திணறும், இறங்குற வண்டிக்கு பிரேக்தான் உயிரு. ஒடம்புலயும் அதான் நடக்குது. படி இறங்குறப்ப மடங்குன ஒத்தக் கால் மேல மொத்த வெயிட்டும் வந்து உக்காரும், தொடை முன்பக்கச் சதை நீண்டுகிட்டே இழுத்துப் பிடிக்கணும், அந்த நேரம் முட்டிச்சில்லு தொடை எலும்போட அழுந்தும். சதைல தெம்பு பத்தலன்னா சில்லைச் சுத்திக் குத்தும். பஸ்ல கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு மணி நேரம் முட்டிய மடக்கியே உக்காந்து எந்திரிச்சா பிடிக்குதுன்னீங்க பாருங்க, அதுவும் இதுலதான் வந்து சேருது. நேர்ல பாக்காம அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா உங்க வயசுல இந்த ரெண்டும் சேந்து வந்தா பெரும்பாலும் சில்லு வலிதான், பெரியப்பா கதை இல்ல.

அந்த தேயுற பயத்தப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா நம்மூர்ல முக்காவாசிப் பேர் இந்த பயத்துலயே கட்டில்ல உக்காந்து முட்டியக் கெடுத்துக்குறாங்க. மூட்டுக்குள்ள இருக்குற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அழுத்தி அழுத்தி விடுறப்பதான் மூட்டுத் தண்ணில இருந்து அதுக்கு சாப்பாடு போகுது. நடக்காம வெச்சா அதுக்குத்தான் பட்டினி. எக்ஸ்ரேல லைட்டா தேய்மானம்னு எழுதியிருந்தாலும் மிரளாதீங்க, வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

வீட்ல சொல்றது பாசத்துல சொல்றது, ஆனா நிக்கிறது எக்சர்சைஸ் இல்ல. எட்டு மணி நேரம் நின்னா கால் கனக்கும், வீங்கும், தெம்பு ஏறாது. உங்க பிரச்சனையே ஆறு நாள் ஒண்ணும் பண்ணாம ஏழாவது நாள் நேரா மலைல போய் நிக்கிறதுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பும், அது போக ரெண்டு நாளாவது சதைக்கு பலம் குடுக்குற பயிற்சியும் வேணும்னு சொல்லுது. நம்மாளுங்க வாக்கிங் போயிட்டு அந்த ரெண்டாவதை அப்படியே விட்டுடுறாங்க, உங்க முட்டி கேக்குறது அதைத்தான். தெனம் சமதரைல அரை மணி, வாரம் அஞ்சு நாள், பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது, அந்த ஸ்பீடு போதும்.

பயிற்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள். கை வெக்காத பிளாஸ்டிக் சேரை செவுத்துல ஒட்டிப் போட்டு, கைய முன்னாடி நீட்டிகிட்டு, மூணு எண்ணி மெதுவா உக்காருங்க, தொப்புன்னு விழாதீங்க, எந்திரிங்க, பத்து தடவை, கொஞ்சம் மூச்சு விட்டு இன்னும் ரெண்டு சுத்து. அது சுலபமானதும் வாசப்படி. வலது கால் படி மேல, இடது குதிகால் மெதுவா கீழ தரையத் தொட்டுட்டு மேல வரணும். இதைக் கண்ணாடி முன்னாடி செய்ங்க, முட்டி உள்பக்கம் சாயுதான்னு பாக்கணும், கால் ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும். சாஞ்சா இடுப்புச் சதை வீக்குன்னு அர்த்தம், அப்ப மல்லாந்து படுத்து முட்டிய மடக்கி இடுப்ப மட்டும் தூக்கி அஞ்சு எண்ணி இறக்குற பயிற்சியையும் சேத்துக்கோங்க. செய்றப்ப பத்துக்கு மூணு அளவு வலி வரலாம், மறுநாள் காலைல பழையபடி ஆயிடணும், ஆகலன்னா கொறைங்க. தெம்பு ஏற ரெண்டு மூணு மாசம் ஆகும், ஒரு வாரத்துல விட்டுட்டு எனக்கு லெட்டர் போடாதீங்க.

அப்புறமா மலை. மொதல்ல பாதி தூரம், இறங்குறப்ப சின்னச் சின்ன அடி, கையில ஒரு குச்சி. அந்தக் கல்லுப் படில ஹவாய் செருப்பு கூடவே கூடாது. சுகர் பார்டர்னு வேற சொல்றீங்க, ஷூ கழட்டுனதும் பாதத்தைத் திருப்பிப் பாக்குற பழக்கத்த இப்பவே வெச்சுக்கோங்க.

மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க, பிபி இருக்குறவங்களுக்கு அது பிபிய ஏத்தும், கிட்னிக்கும் நல்லதில்ல. முட்டில மாட்டுற பெல்ட்டு போட்டா கொஞ்சம் தைரியமா இருக்கும், போட்டுக்கோங்க, ஆனா சதை வேலைய அது செய்யாது. முட்டி வீங்குனாலோ, பூட்டிகிட்ட மாதிரி நீட்ட முடியாம போனாலோ, காய்ச்சலோட சூடா செவந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ பயிற்சியெல்லாம் அப்புறம், நேரா ஆஸ்பத்திரி.

அம்மா விஷயம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ஆரம்பிச்சதே உங்க மாவட்டத்துல, சாமனப்பள்ளிலதான். நடமாட முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறதும் அதுல உண்டு. அம்மா ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ, ஊருக்கு வர்ற நர்ஸம்மா கிட்டயோ அம்மா பேரைப் பதியச் சொல்லுங்க, ஆஸ்பத்திரில குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரிய கையோட எடுத்துட்டுப் போங்க. மொதல் தடவை அவங்க வர்றன்னைக்கு லீவு போட்டுட்டு நீங்க கூடவே இருங்க, ஏன்னா அவங்க வராத நாள்லயும் அந்தக் கை காலை அசைக்க வெக்கணும், யார் செய்றதுன்னு அன்னைக்கே வீட்ல பேசி வெச்சுடுங்க.