தீவனம் நன்றாகத் தின்கிறது, ஆனால் இருமல் நிற்கவில்லை: பன்றி நுரையீரலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் ஏன்?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே என்ற பாக்டீரியா மீதுதான். வறட்டு இருமல், சாவு குறைவு, எடை மட்டும் ஏறாது. இந்தக் கிருமி மூச்சுக்குழாயின் நுண்மயிர்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை உதிர்த்துவிடும். சளியை மேலே தள்ள வழியில்லாமல் போக, பாஸ்டுரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் உள்ளே குடியேறும்.

அறுத்த நுரையீரலில் திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்க மடல்களின் கீழ் ஓரத்தில், ஊதா அல்லது சாம்பல் நிறத்தில், அழுத்தினால் பஞ்சு போல அமுங்காமல் கெட்டியாக இருந்தால் இதுதான் என்று பெரும்பாலும் நம்பலாம். பின்பக்க மடல்களின் மேற்பகுதியில் ரத்தம் கட்டிய கட்டியும், அதன் மேல் மஞ்சள் படலமும் விலா எலும்போடு ஒட்டிக்கொண்டும் இருந்தால் கதை வேறு. அது ஆக்டினோபேசில்லஸ் என்ற வேறொரு பாக்டீரியா, நேற்றுவரை நன்றாக இருந்த பன்றி மூக்கில் ரத்த நுரையோடு செத்துக் கிடக்கும்.

சரி, மருந்து? பெனிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரை; மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, அதனால் அந்த ஊசி வீண்செலவு. டெட்ராசைக்ளின், டியாமுலின் வகை ஆன்டிபயாடிக்குகள் கேட்கும். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். குட்டிகளுக்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் தொற்றை முழுசாகத் தடுக்காது, நுரையீரல் புண்ணின் அளவைக் குறைக்கும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதென்றால் அமோனியா அதிகம், முதலில் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், கல்லீரலையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் தழும்புகள் தெரிந்தால் அவை நாக்குப்பூச்சிக் குஞ்சுகள் விட்ட தடம்; அந்தக் குஞ்சுகள் நுரையீரல் வழியாகப் போவதும் இருமலைக் கூட்டியிருக்கும்.