அளவு கொடுத்து வாங்கிய பேட்டர்ன்: கேள்வி-பதில்

என் அளவைக் கொடுத்து இணையத்தில் கவுன் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம்) வாங்கினேனுங்க. ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் எடுத்து ஒட்டி, வெட்டித் தைத்தேன். மார்பில் பிடிக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (திருப்பூர்)

முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்குமே, அதை ஸ்கேல் வைத்துப் பார்த்தீர்களா? 5 செ.மீ. என்று போட்டிருந்தால் தாளிலும் 5 செ.மீ. இருக்க வேண்டும். கடைக்காரர் 'ஃபிட் டு பேஜ்' என்று எடுத்திருந்தால் படம் சுருங்கியிருக்கும். 3 சதவீதம் சுருங்கினாலே 36 அங்குலத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி எடுத்து, கட்டத்தை அளந்துவிட்டு எழுதுங்கள். அளக்காமலே துணியில் கத்தரி வைத்துவிட்டு விற்றவரிடம் பணம் கேட்டால் எப்படி?

பன்னிரண்டு அளவு எழுதி அனுப்பி 600 ரூபாய் கட்டினேன். என் நாத்தனாரும் அங்கேயே வாங்கினார். நான் ஒல்லி, அவர் பருமன். இரண்டு ஃபைலும் ஒன்றேதான், பெயர் மட்டும் வேறு. கேட்டால் டவுன்லோடு ஆனதற்கு ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள். (கோபி)

அம்மணி, இது அப்பட்டமான ஏமாற்று. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் 'உங்கள் உடலுக்கே வரைந்தது' என்று ஒரு சட்டை பேட்டர்ன் விற்றார்கள். டேப் வைத்துப் பார்த்தால் தோள் ஒன்றேகால் அங்குலம் கூடுதல். ரெடிமேட் அளவு ஒன்றை எடுத்துப் பெயர் ஒட்டி அனுப்புகிற இந்தப் பழக்கத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிஜமாகவே அளவுக்கு வரைந்தால் மார்புச் சுற்று மாறும்போது கை வளைவும் டார்ட்டும் (உடம்புக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைக்கும் இடம்) சேர்ந்து மாறும். ஃப்ரீசூயிங் என்ற ஓப்பன் சோர்ஸ் தளம் இதைக் காசு வாங்காமலே செய்கிறது, காசு வாங்குகிறவருக்கு என்ன கேடு?

விளம்பரம், நீங்கள் அனுப்பிய அளவுகள், பணம் கட்டிய ரசீது, இரண்டு ஃபைல், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகள் டிஜிட்டல் பொருளுக்கும் உண்டு. புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. 'ரீஃபண்ட் இல்லை' என்று அவர்களாக எழுதி வைத்துக்கொண்டால் சொன்னதைச் செய்யாத குற்றம் போய்விடாது. 600 ரூபாய்தானே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கிலோ கணக்கில் பனியன் துணி மலிவாகக் கிடைத்தது. பேட்டர்ன் தறித்துணிக்கானது. தைக்கலாமா? (பொள்ளாச்சி)

கூடாது. பனியன் துணி இழுபடும், தொளதொளவென்று நிற்கும்.

மீட்டர் 900 ரூபாய்த் துணி. நேராக வெட்டிவிடலாமா? (ஈரோடு)

பல்லடம், சோமனூர் பக்கம் தறி தறியாக ஓடுகிற காடா துணியில் (வெளுக்காத, சாயம் போடாத துணி) முதலில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். தையலுக்கு விட வேண்டிய இடம் பேட்டர்னில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் வெட்டும் முன் படித்துவிடுங்கள், பலர் கோட்டை விடுவது அங்கேதான். அப்புறம் அந்த 900 ரூபாய்த் துணி காட்டன் என்றால் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள்.