மனச்சோர்வும் செல்களின் ஆற்றலும்: கேள்வி பதில்

கேள்வி: செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைச் சரிசெய்தால் மனச்சோர்வு மாத்திரையே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதனால் செல்களில் ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) உற்பத்தி குறைந்தால் மனநிலையும் அடிவாங்கும் என்ற கருதுகோளில் நியாயம் இருக்கிறது. மனச்சோர்வு உள்ள சிலரிடம் அதற்கான தடயங்களும் உண்டு. அது காரணமா விளைவா என்பதுதான் முடிவாகவில்லை. மருந்துக்கும் உளவியல் சிகிச்சைக்கும் துணையாகக் கீழே சொல்பவற்றைச் செய்யுங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம்.

கேள்வி: முதலில் என்ன பரிசோதனை எடுப்பது?

சத்து பவுடர் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலேட் (இரண்டும் வைட்டமின்கள்), டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (இரண்டும் தைராய்டுக்கு), எச்.பி.ஏ1சி (சராசரி ரத்தச் சர்க்கரை) போதும்.

பலர் தவறுவது ரிப்போர்ட்டைப் படிப்பதில். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், ஃபெரிட்டின் 30 ng/mL-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கிறது என்று பொருள். மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களுக்கு இரும்பு வேண்டும். சோர்வு அங்கேயே தொடங்கலாம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து, குறைபாட்டை மறைத்துவிடும். சந்தேகம் இருந்தால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பாருங்கள்.

பி12 அளவு 200 pg/mL-க்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை இழுபறி. பி12 குறைந்தால் ரத்தத்தில் உயரும் மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்தால் தெளிவாகும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, வயிற்று அமிலத்துக்கு ஒமிப்ரசோலோ வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்காதீர்கள்: ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

முடி வளர பயோட்டின் எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள். அதிக அளவு பயோட்டின், பல ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து தொடங்கிவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

கேள்வி: ஜிம்முக்குப் போகாதவர்களும் கிரியேட்டின் (தசைக்காக எடுக்கும் பவுடர்) எடுக்கலாமா? அளவு?

எடுக்கலாம். கிரியேட்டின் மூளையில் ஏ.டி.பி.யை உடனுக்குடன் மீட்க உதவுகிறது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்துடன் தினம் 5 கிராம் எடுத்த பெண்களுக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட முன்னேற்றம் சீக்கிரம் தெரிந்தது. சிறிய ஆய்வு, அதை மனதில் வையுங்கள். சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம் போதும். தொடக்கத்தில் தினம் 20 கிராம் எடுக்கும் 'லோடிங்' வயிற்றைத்தான் கலக்கும். சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் ரத்தத்தில் சற்று உயரலாம், அதனால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் வேண்டாம். பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறும் நோய்) உள்ளவர்களுக்கு மேனியா (அளவுமீறிய உற்சாக நிலை) கிளம்பியது பதிவாகியிருப்பதால், அவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது.

கேள்வி: மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை எடுக்கிறேன். மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவு தொடங்கலாமா?

தனியாகத் தொடங்காதீர்கள். கீட்டோவின் முதல் வாரங்களில் உப்பும் நீரும் சிறுநீரில் வெளியேறும். சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் நச்சு அளவுக்கு ஏறலாம். கை நடுக்கம், வாந்தி, நடை தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனை. சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: சர்க்கரை ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரலாம். மனச்சோர்வில் கீட்டோவுக்கான சான்று இன்னும் ஆரம்பநிலைதான். காய்கறி, பருப்பு, மீன், முழுதானியம், ஆலிவ் எண்ணெய் உள்ள மத்தியதரைக்கடல் பாணி உணவுக்குச் சான்று கூடுதல். ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளியான 12 வார ஆய்வில் அப்படிச் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவர் நோயிலிருந்து மீண்டார். ஒப்பீட்டுக் குழுவில் 8 சதவீதம்.

கேள்வி: உடற்பயிற்சி செய் என்கிறார்கள். படுக்கையை விட்டே எழ முடியவில்லை.

காலை வெளிச்சத்தில் 10 நிமிட நடை, அவ்வளவுதான் தொடக்கம். மூச்சு வாங்காமல் பேசும் வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணமும் கூட இருந்தால் இதையெல்லாம் ஒத்திவைத்து, இன்றே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாய மருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லதாமே? ஃப்ளூஆக்சிட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறேன்.

தொடவே தொடாதீர்கள். அது செரட்டோனினைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.-ஏ நொதியை வலுவாகத் தடுக்கும். உங்கள் மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் நோய்க்குறி வரலாம்: அதிக காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம், உயிராபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரித்தது. ஃப்ளூஆக்சிட்டின் உடலைவிட்டு நீங்க 5 வாரம் ஆகும் என்பதால், 'இரண்டு நாள் நிறுத்திவிட்டுக் குடிக்கிறேன்' என்பதும் பலிக்காது. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு, வேறு மருந்தே எடுக்காவிட்டாலும், இது சிவப்பணுக்களை உடைத்துவிடும்.